அண்டார்க்டிகாவின் பனிக்கு அடியிலுள்ள எரிமலைகளின் வரலாறு எப்படித் தெரிகிறது? பனி உருகுவதற்கு அவைதாம் காரணமா?

அண்டார்க்டிகாவின் எரிமலை வரலாறு அதன் பனியின் வரலாற்றைவிடப் பல மடங்கு நீண்டது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏறத்தாழ 18.3 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவற்றோடு ஒட்டிக் கோண்டுவானா என்னும் பெருங்கண்டத்தின் பகுதியாக அது இருந்தது. அந்தப் பெருங்கண்டம் பிளவுபடத் தொடங்கியதையொட்டி மிகப் பெரிய அளவில் பாறைக்குழம்பு மேலெழுந்தது. அதில் ஒரு பங்கு படிவுப் பாறை அடுக்குகளுக்கு இடையே புகுந்து டோலரைட் என்னும் கரும்பாறையாக இறுகியது. மற்றொரு பங்கு வெளியே வழிந்து பசால்ட் என்னும் எரிமலைப் பாறையாக உறைந்தது. டிரான்ஸ்அண்டார்க்டிக் மலைச்சரிவுகளில் இன்று கருநிறப் பட்டைகளாகத் தெரியும் டோலரைட் அந்தக் காலத்தது. அன்று அங்கே பனிவிரிப்பு கிடையாது. லாவா அடுக்குகளுக்கு இடையே மரங்களின் புதைபடிவங்கள் கிடைத்துள்ளன.

கண்டத்தைப் பனி பெருமளவில் மூடத் தொடங்கியது ஏறத்தாழ 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். நீங்கள் கேட்கும் எரிமலைகள் பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டவை. மேற்கு அண்டார்க்டிகாவில் புவியின் மேலோடு இழுபட்டு மெலிந்து ஒரு பிளவு மண்டலமாக இருப்பதால், அதை ஒட்டியே அவை மிகுதியாக உள்ளன. மேரி பேர்டு நிலத்தில் 4,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் சிட்லி, அக்கண்டத்தின் மிக உயரமான எரிமலை. ராஸ் தீவிலுள்ள எரபஸ் எரிமலையை 1841-இல் பிரிட்டிஷ் கடற்பயணி ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கண்டபோதே அது குமுறிக்கொண்டிருந்தது. இன்றும் அதன் வாயில் லாவா ஏரி இருக்கிறது. பிளவு மண்டலத்துக்கு வெளியே, தெற்கு ஷெட்லாந்துத் தீவுக்கூட்டத்தின் டிசெப்ஷன் தீவு 1967, 1969, 1970 ஆகிய ஆண்டுகளில் வெடித்தது.

இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்ப்பது, பனியின் பழைய உயரத்தை எரிமலைப் பாறையே பதிவு செய்து வைத்திருக்கிறது என்பதுதான். பனிக்கு அடியில் வாய் திறக்கும் எரிமலை, முதலில் தன்னைச் சுற்றியுள்ள பனியை உருக்கி ஒரு நீர்த்தேக்கத்தை உண்டாக்குகிறது. அந்த நீருக்குள் வெளிவரும் குழம்பு சட்டென்று குளிர்ந்து, தலையணைகளை அடுக்கி வைத்தது போன்ற உருண்ட திரள்களாகவும், கண்ணாடித் தன்மையுள்ள நொறுங்கல்களாகவும் படிகிறது. எரிமலை வளர்ந்து நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிட்டால், அதன்பின் வரும் குழம்பு காற்றில் குளிர்ந்து வழக்கமான லாவாத் தட்டுகளாகப் பரவுகிறது. இவ்விரு வகைப் பாறைகளும் சந்திக்கும் கோடுதான் அன்றைய நீர்மட்டம். அதைக் கொண்டு சுற்றியிருந்த பனியின் தடிமனை மதிப்பிடலாம். பாறையிலுள்ள ஆர்கான் வாயுவின் ஐசோடோப்புகளை (எடையில் மட்டும் வேறுபடும் அணு வகைகளை) அளந்து வயதையும் கணக்கிட்டுவிட்டால், எந்தக் காலத்தில் எவ்வளவு பனி இருந்தது என்பது தெரிந்துவிடுகிறது. பனியாறுகள் விட்டுச் செல்லும் தளர்ந்த படிவுகளை அடுத்து வரும் பனி பெரும்பாலும் அரித்துச் சென்றுவிடும். இறுகிய லாவா அவ்வளவு எளிதில் அழிவதில்லை. ஜேம்ஸ் ராஸ் தீவின் லாவா அடுக்குகளிலிருந்து ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டுகளின் பனி வரலாற்றை இம்முறையில்தான் மீட்டெடுத்திருக்கிறார்கள்.

அண்மைக்கால வெடிப்புகளுக்குப் பனியே சான்று. மேற்கு அண்டார்க்டிகாவில் துளையிட்டு எடுத்த பனித்தண்டில், ஏறத்தாழ 17,700 ஆண்டுகளுக்கு முன் டகாஹே எரிமலை இரு நூற்றாண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் விட்டுவிட்டு உமிழ்ந்த குளோரின், புளோரின் சேர்மங்களின் தடயம் உள்ளது. ஹட்சன் மலைப்பகுதியில் ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த வெடிப்பின் சாம்பல் படலத்தை, விமானத்திலிருந்து செலுத்திய ரேடார் அலைகள் காட்டிக்கொடுத்தன. 2017-இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேற்கு அண்டார்க்டிகாவில் 138 எரிமலைகளைப் பட்டியலிட்டார்கள். அவற்றில் 91 அதுவரை அறியப்படாதவை. அந்த ஆய்வு செய்தியாக வந்தபோது பலர் அஞ்சினார்கள். ஆனால் புதிதாகச் சேர்க்கப்பட்டவை பனிக்கு அடியிலுள்ள தரையின் கூம்பு வடிவத்தைக் கொண்டே அடையாளம் காணப்பட்டவை; அவை இன்று உயிர்ப்போடு உள்ளன என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில், இல்லை என்பதே. நிலவெப்பம் பனியின் அடிப்பகுதியை ஓரளவு உருக்குகிறது என்பது உண்மைதான். மேற்கு அண்டார்க்டிகாவின் பைன் தீவுப் பனியாற்றிலிருந்து அமுண்ட்சன் கடலுக்கு வரும் உருகுநீரில் எரிமலை மூலத்தைக் காட்டும் ஹீலியம் இருப்பதாக 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆயினும் கடல் கொண்டுவந்து சேர்க்கும் வெப்பத்தோடு ஒப்பிட்டால் எரிமலை வெப்பம் சிறியது. அந்தக் கடலின் ஆழத்திலிருந்து வரும் வெதுவெதுப்பான நீர், மிதக்கும் பனித்தட்டுகளை அடியிலிருந்து கரைக்கிறது; அவை மெலிவதால், பின்னாலுள்ள பனியாறுகள் தடையின்றி விரைவாகக் கடலை நோக்கி வழிகின்றன. அண்மைப் பத்தாண்டுகளில் அங்கே பனி இழப்பு கூடிவருவதற்கு முதன்மைக் காரணம் இந்த நீர்தான்; எரிமலைகளோ பல லட்சம் ஆண்டுகளாக அதே பனிக்கு அடியில் இருந்துவருகின்றன.