சமையல் கேள்வி-பதில்: எண்ணெய் மிதக்காத மக்ரோனி சீஸ்

கேள்வி: பிள்ளைகள் அடிக்கடி மக்ரோனி சீஸ் கேட்கிறார்கள். அமெரிக்கக் குறிப்புகள் பலவற்றில் மக்ரோனி எவ்வளவோ அவ்வளவு சீஸ் போடச் சொல்கிறார்கள். பாதியாகக் குறைத்துச் செய்தால் பாலில் ஊறிய மக்ரோனி மாதிரி சப்பென்று இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, ஈரோடு

பதில்: சீஸை மட்டும் குறைத்தால் அப்படித்தான் ஆகும். அதில் சீஸ் ருசியும் தருகிறது, சாஸைக் கெட்டியாகவும் ஆக்குகிறது. கெட்டியாக்கும் வேலையைக் காலிஃபிளவர் விழுதுக்கும் கார்ன்ஃப்ளாருக்கும் கொடுத்துவிடுங்கள். சீஸ் ருசிக்கு மட்டும் போதும். அதனால் நன்றாக முதிர்ந்த செடார் வாங்குங்கள். இளசான செடாரும் மொசரெல்லாவும் அளவு கூடினால்தான் ருசி தெரியும்.

நான்கு பேருக்கு: மக்ரோனி 200 கிராம், டோன்டு பால் 400 மி.லி., காலிஃபிளவர் 200 கிராம், துருவிய செடார் 80 கிராம், கார்ன்ஃப்ளார் ஒன்றரை மேஜைக்கரண்டி, வெண்ணெய் ஒரு டீஸ்பூன், பூண்டு 2 பல், கடுகுப் பொடி அரை டீஸ்பூன், மிளகுத்தூள், உப்பு.

காலிஃபிளவரைப் பூண்டோடு ஆவியில் குழைய வேகவைத்து, 100 மி.லி. பால் விட்டு மிக்ஸியில் வெண்ணெய் போல அரையுங்கள். திப்பி திப்பியாக நின்றால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மக்ரோனியை 2 லிட்டர் கொதிநீரில் இரண்டு டீஸ்பூன் உப்புப் போட்டு, பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள். மீதியை அது சாஸில் வேகும். வடித்த தண்ணீரில் ஒரு கப் எடுத்து வையுங்கள்.

அடிகனமான பாத்திரத்தில் வெண்ணெய், கடுகுப் பொடி, 250 மி.லி. பால் சேர்த்துச் சூடாக்குங்கள். மீதி 50 மி.லி. குளிர்ந்த பாலில் கார்ன்ஃப்ளாரைக் கரைத்து, கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். கொதி வந்து ஒரு நிமிடம் கழிந்தால்தான் மாவு வாசம் போகும். அதற்கு மேல் கொதிக்கவிட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால் மறுபடி நீர்த்துவிடும். காலிஃபிளவர் விழுது, மக்ரோனி இரண்டையும் சேர்த்து இரண்டு நிமிடம் கிளறி, அடுப்பை அணைத்த பிறகு சீஸைப் போடுங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுவது நல்லது. சீஸிலேயே நிறைய இருக்கிறது. கடுகுப் பொடியை விட்டுவிடாதீர்கள். தனியாக அதன் ருசி தெரியாது, ஆனால் குறைந்த சீஸின் மணத்தை எடுத்துக் கொடுப்பது அதுதான்.

200 கிராம் மக்ரோனிக்கு 200 கிராம் செடார், 25 கிராம் வெண்ணெய், கொழுப்பு நீக்காத பால் என்று செய்தால் ஒருவருக்குச் சுமார் 25 கிராம் கொழுப்பு வரும். மேலே சொன்ன அளவில் 10 அல்லது 11 கிராம்தான். பாலைப் பொறுத்தவரை ஆவின் நீல பாக்கெட் (3 சதவீதக் கொழுப்பு) சரியாக இருக்கும். ஆரஞ்சு பாக்கெட்டில் இதைப் போல இரண்டு மடங்கு.

கேள்வி: சீஸ் போட்டதும் சாஸ் திரிதிரியாகி, மேலே எண்ணெய் பிரிகிறது. சீஸ் மட்டமா?
– வாசகர், மதுரை

பதில்: பெரும்பாலும் சூடுதான் காரணம். கொதிக்கிற சாஸில் விழுந்தால் செடாரில் உள்ள புரதம் இறுகி, தன்னிடமுள்ள கொழுப்பைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். அந்தப் புரதம்தான் மணல் போல நாக்கில் படுகிறது. அடுப்பை அணைத்து, குமிழி அடங்கி, ஒரு நிமிடம் போகட்டும். பொடியாகத் துருவிய சீஸை மூன்று தடவையாகத் தூவி, ஒவ்வொரு முறையும் கரைந்த பிறகே அடுத்ததைப் போடுங்கள். பிரிந்துபோனால், மக்ரோனி சேர்க்காத சாஸாக இருக்கும் பட்சத்தில், இரண்டு கரண்டி சூடான பால் விட்டு மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

சீஸ் க்யூப் பிரியாது. அதில் சேர்க்கும் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் கொழுப்பையும் நீரையும் பிடித்து வைக்கின்றன. ஆனால் மணம் குறைவு, உப்பு அதிகம். செடார் கிடைக்காத ஊரில் 25 கிராம் க்யூப் நான்கு போட்டு, வேறு உப்புச் சேர்க்காமல் செய்யலாம். கொழுப்பே இல்லாத சீஸ் என்று விற்பதை வாங்காதீர்கள். உருகாமல் ரப்பராக இழுக்கும்.

கேள்வி: சீஸுக்குப் பதில் பனீர் துருவிப் போடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: எவ்வளவு சூடாக்கினாலும் பனீர் உருகாது. எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்பால் திரிக்கும்போது, புரதத்தைச் சேர்த்துப் பிடித்திருந்த கால்சியத்தில் ஒரு பங்கு மோர்த்தண்ணீரோடு போய், புரதங்கள் நேரடியாக ஒன்றோடொன்று இறுகிவிடுகின்றன. அதனால் துருவினால் துகள் துகளாகவே நிற்கும். 75 கிராம் பனீரைப் பாலோடு நைசாக அரைத்து, காலிஃபிளவரில் பாதிக்குப் பதிலாகச் சேருங்கள், புரதம் கூடும். செடாரின் இடத்தை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள். மஞ்சள் பூசணி விழுதும் நன்றாக இருக்கும், நிறமும் வரும். இனிப்பு தெரியும் என்பதால் மிளகைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வடித்த மக்ரோனியைப் பச்சைத் தண்ணீரில் அலசி எண்ணெய் தடவி வைக்கிறேன். ஒட்டவில்லை, ஆனால் சாஸ் தனியாக, மக்ரோனி தனியாக நிற்கிறது.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: சாஸ் பிடித்து நிற்பது மேலே உள்ள மாவுப்பசையில்தான். அலசினால் அது போய்விடும்; எண்ணெய் தடவினால் சாஸ் வழுக்கிவிடும். சாஸை முதலில் தயார் செய்துவிட்டு, மக்ரோனியை வடித்ததும் நேராக அதில் போடுங்கள். குழைவதுதான் கவலை என்றால் பாக்கெட்டில் துரம் கோதுமை ரவை என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மைதா மக்ரோனி சீக்கிரம் குழைந்துவிடும்.

கேள்வி: காலையில் டப்பாவில் கட்டினால் மதியம் கட்டியாகிவிடுகிறதாம்.
– வாசகி, சென்னை

பதில்: மக்ரோனி ஆறும்போதும் சாஸை இழுத்துக்கொண்டே இருக்கும். டப்பாவுக்குக் கட்டும் பங்கில் எடுத்து வைத்த வடித்த தண்ணீரோ சூடான பாலோ மூன்று மேஜைக்கரண்டி கூடுதலாக விட்டு, தளர இருக்கும்போதே எடுங்கள். பால் சேர்ந்த பண்டம் என்பதால் சாதா டப்பா வேண்டாம். சூடு தாங்கும் டப்பாவில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் மக்ரோனியை அதில் நிரப்பி மூடுங்கள். மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் பால் தெளித்து மிதமான தீயில் சூடாக்கலாம். ஃப்ரீசரில் வைத்தால் கார்ன்ஃப்ளார் சாஸ் தண்ணீர் விட்டுவிடும்.

கேள்வி: மக்ரோனி மேலே மொறுமொறுப்பு வேண்டும், வீட்டில் ஓவன் இல்லை.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பிரெட் தூள் மூன்று மேஜைக்கரண்டியை ஒரு டீஸ்பூன் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, பரிமாறும்போது தூவுங்கள். ஓவன் உள்ளவர்கள் 180 டிகிரியில் 15 நிமிடம் வைத்தால் போதும். அதற்குமேல் வைத்தால் உள்ளே வறண்டுவிடும்.