எஸ்.ஏ.டி. தேர்வில் இனப் பாரபட்சம் இருக்கிறதா?

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் கறுப்பின மாணவர்களின் சராசரி மதிப்பெண் வெள்ளையர்களைவிடக் குறைவாக இருக்கிறதே, தேர்வே பாரபட்சமானதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இடைவெளி இருப்பது உண்மை. ஆனால் அதை மட்டும் வைத்து வினாத்தாளைக் குறை சொல்லிவிட முடியாது. சம திறமையுள்ள இரு பிரிவினரில் ஒரு பிரிவு மட்டும் ஒரு கேள்வியில் தொடர்ந்து சறுக்கினால், அந்தக் கேள்வியைச் சந்தேகிக்க வேண்டும். பழைய கேள்வி ஒன்று: ஓட்டக்காரருக்கு மாரத்தான் என்றால், அதேபோன்ற இணை எது? விடை, துடுப்புக்காரருக்கு 'ரிகாட்டா', அதாவது படகுப் போட்டி. வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் பழக்கமான சொல். மற்ற பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் அதை எங்கே கேட்டிருப்பாள்? இந்த ஒப்புமைக் கேள்விகளை 2005-ல் எடுத்துவிட்டார்கள். இப்போது கேள்விகளை முன்கூட்டியே சோதித்து, பிரிவுவாரியாக அலசித்தான் சேர்க்கிறார்கள். அப்படியும் இடைவெளி போகவில்லை. பள்ளியின் தரமும் குடும்ப வருமானமும்தான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

இதைப் பேசும்போது வரலாற்றை மறக்கக் கூடாது. 1926-ல் வந்த முதல் எஸ்.ஏ.டி.யை உருவாக்கிய கார்ல் பிரிகாம், அதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான் இனங்களுக்குள் அறிவில் ஏற்றத்தாழ்வு உண்டு என்று எழுதியவர். 1930-ல் அவரே அதைத் திரும்பப் பெற்றார். ஆகவே கோபப்படுபவரை 'புலம்பல்' என்று ஒதுக்குவது நியாயமில்லை. தேர்வு வேண்டும் என்பவரை உடனே இனவெறியர் என்பதும் சரியில்லை: 2022-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு இந்தத் தேர்வை மீண்டும் கட்டாயமாக்கியபோது, வசதியற்ற பின்னணியிலிருந்து வரும் திறமைசாலிகளை அடையாளம் காண அது உதவுகிறது என்றுதான் காரணம் சொன்னது.