ரைம்ஸ் சொல்கிறான், 'அம்மா' சொல்லவில்லை: டிவியை நிறுத்தினால் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு 1 வயது 10 மாதம். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். நான் பட்டுக்கோட்டையில் வேலைக்குப் போகிறேன். பகலில் அத்தைதான் பையனைப் பார்த்துக்கொள்கிறார். காலையிலிருந்து டிவியில் ரைம்ஸ் ஓடும், மாலையில் அத்தையின் சீரியல். டிவி இல்லாவிட்டால் ஒரு வாய் சோறு இறங்காது. ஏ முதல் இசட் வரை சொல்கிறான், ஆங்கிலத்தில் பத்து வரை எண்ணுகிறான். ஆனால் 'அம்மா' என்று கூப்பிடுவதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் சில நேரம்தான் திரும்புகிறான். ஒரு தெரபி சென்டரில் காட்டினோம். 'டிவியால் வந்த விர்ச்சுவல் ஆட்டிசம், ஆறு மாதத்தில் சரி செய்துவிடலாம்' என்று சொல்லி 1,20,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார்கள். சொந்தக்காரர்களோ, 'இவன் அப்பாவே மூணு வயசுலதான் பேசினான்' என்கிறார்கள். டிவியை அடியோடு நிறுத்த வேண்டுமா? பணம் கட்டலாமா?

பதில்: பணம் கட்டாதீர்கள். டிவியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். 'சலுகை இந்த மாதத்தோடு முடிகிறது' என்று அவர்கள் இதற்குள் உங்களுக்கு இன்னும் நாலு முறை போன் செய்திருப்பார்கள்.

சரி, டிவிக்கு வருவோம். 2 வயதுக்குள் டிவி வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதும், இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்: 2 வயது வரை திரையே கூடாது. அதன் பிறகு பள்ளிக்குப் போகும் வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள், அதற்கும் குறைந்தால் இன்னும் நல்லது. பிரான்ஸில் 2008-லேயே 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் குறிவைத்து நிகழ்ச்சி போடக் கூடாது என்று அந்நாட்டுச் சேனல்களுக்குத் தடை விதித்துவிட்டார்கள். இங்கே குழந்தைகள் ஆஸ்பத்திரி வரவேற்பறையிலேயே சுவரை அடைத்துக்கொண்டு கார்ட்டூன் ஓடுகிறது. உள்ளே போனால் 'டிவி காட்டாதீங்க' என்று டாக்டர் சொல்வார். எந்தத் தாய் நம்புவாள்?

ஏன் வேண்டாம் என்கிறோம்? கண் கெட்டுவிடும் என்பதற்காக அல்ல. (நீல ஒளிக் கண்ணாடி விற்க வருபவர்களிடம் இதைச் சொல்லுங்கள், அந்தக் கண்ணாடி குழந்தைக்குத் தேவையே இல்லை.) இந்த வயதில் பேச்சு என்பது ஆளிடமிருந்துதான் வரும். அமெரிக்காவில் சியாட்டிலில் செய்த ஓர் ஆய்வு 2003-ல் வெளியானது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் 9 மாதக் குழந்தைகளில் சிலரோடு சீன மொழி பேசும் ஒருவர் எதிரே உட்கார்ந்து விளையாடினார், புத்தகம் காட்டினார். வேறு சில குழந்தைகளுக்கு அதையே படம் பிடித்து டிவியில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகளின் காது சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியப் பழகியிருந்தது. டிவியில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை, சீன மொழியே கேட்காத குழந்தைகளைப் போலத்தான் இருந்தார்கள்.

உங்கள் பையன் ஏ பி சி டி சொல்வது நினைவாற்றல். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அது பேச்சு இல்லை. திரையில் ஆப்பிள் வரும்போது 'ஆப்பிள்' என்கிறான். பசிக்கும்போது கேட்கிறானா? இன்று சாயங்காலம் ஒன்று செய்து பாருங்கள். அவனுக்குப் பிடித்த பிஸ்கட்டை, கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். அவன் உங்கள் கையைப் பிடித்து இழுத்துப்போய், உங்கள் முகத்தைப் பார்க்காமலேயே அந்தக் கையை டப்பாவின் மேல் வைக்கிறானா, அல்லது விரலை நீட்டிவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கிறானா? மொட்டை மாடியில் நிற்கும்போது விமானம் போனால், 'பாரு' என்கிற மாதிரி கை நீட்டி உங்களுக்குக் காட்டுகிறானா? தான் பார்ப்பதை இன்னொருவரோடு பகிரத் தெரிகிறதா என்பதை அதுதான் காட்டும். 26 எழுத்தைவிட அந்த ஒரு விரல்தான் எனக்கு முக்கியம். பார்த்ததைப் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அத்தையைக் குறை சொல்லாதீர்கள். முழங்கால் வலியோடு, ஓடுகிற பிள்ளையைப் பகல் முழுக்கப் பிடித்து வைத்திருப்பது லேசான வேலை இல்லை. ஆனால் அவருடைய சீரியலும் கணக்கில் வரும். 'அவன் அதைப் பார்க்கவே மாட்டான், மூலையில் விளையாடிட்டு இருப்பான்' என்பார். பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சியை டிவியில் ஓடவிட்டு, பக்கத்தில் 1 முதல் 3 வயதுக் குழந்தைகளை விளையாடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். குழந்தைகள் திரையை அவ்வப்போதுதான் பார்த்தார்கள். அப்படியும் ஒவ்வொரு விளையாட்டிலும் நிலைத்திருந்த நேரம் குறைந்தது. டிவி ஓடும் அறையில் பெரியவர்கள் குழந்தையோடு பேசுவதும் குறைகிறது. சீரியலைக் குழந்தை தூங்கிய பிறகு, மறு ஒளிபரப்பிலோ போனிலோ பார்க்கட்டும். இதை நீங்கள் சொல்ல வேண்டாம், உங்கள் கணவர் அவர் அம்மாவிடம் சொல்லட்டும். வீட்டுச் சண்டைக்கு என்னிடம் மருந்து இல்லை.

கணவர் பேச்சு வந்ததால் அவருக்குரிய விலக்கையும் சொல்லிவிடுகிறேன். இதை விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் 'திரை கூடாது' என்றதும் அப்பாவின் வீடியோ காலையும் நிறுத்திவிட்ட குடும்பங்கள் உண்டு. வீடியோ காலுக்குத் தடை இல்லை. எந்த வயதிலும் இல்லை. குழந்தை சிரித்தால் அப்பா சிரிக்கிறார், குழந்தை பந்தைக் காட்டினால் 'பந்தா?' என்று கேட்கிறார். ரைம்ஸில் வரும் பொம்மை அதைச் செய்யாது. 2 வயதைத் தாண்டிய குழந்தைகள் வீடியோ காலில் பேசுகிறவரிடமிருந்து புதிய சொற்களைக் கற்றுக்கொள்வதை ஆய்விலும் கண்டிருக்கிறார்கள். ஆனால் கால் நேரடியாக இருக்க வேண்டும். அவர் பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோ இதில் சேராது; அதுவும் டிவிதான், அப்பா முகம் போட்ட டிவி. போனைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு நீங்கள் சமையலறைக்குப் போய்விட்டாலும் பயன் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, 'அப்பா என்ன கேக்கிறாங்க?' என்று நீங்கள் கை கொடுக்க வேண்டும். நெட்வொர்க் தாமதத்தில் அவர் கேட்டது இங்கே வர ஒரு நொடி ஆகும், பையன் பதில் யோசிக்க இன்னும் சில நொடி ஆகும். அதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போகக் கூடாது, காத்திருக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பந்து, ஒரே மாதிரி டம்ளர் இருந்தால் விளையாட்டு சுலபம். முகத்தில் நாய்க் காது ஒட்டும் ஃபில்டர் வேண்டாம். மஸ்கட் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால், அவர் வேலை முடிந்து பேசும்போது இவன் தூக்கக் கலக்கத்தில் இருப்பான். அவர் காலையில் கிளம்பும் முன் பத்து நிமிடம் பேசுவது நல்லது. கால் முடிந்ததும் போன் உள்ளே போய்விட வேண்டும், அப்படியே யூடியூபுக்குத் தாவக் கூடாது.

இனி அந்த சென்டர். 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்ற நோய்ப் பெயர் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இல்லை. ஆட்டிசம் என்பது, பிறரோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் குழந்தை வேறுபட்டு வளரும் நிலை. டிவி பார்த்து அது வரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆட்டிசத்தில் மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு, அது மூளை உருவாகும் காலத்திலேயே தொடங்குவது. டிவி அதிகம் பார்க்கும் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகலாம், அது வேறு விஷயம். பேச்சு தாமதமாகும் குழந்தை மனிதர்களைவிட டிவியை விரும்பி உட்காருவதும் உண்டு. எது முந்தியது என்று கடைவாசலில் நின்று யாரும் சொல்ல முடியாது.

வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். டிவியை நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் பையன் சாதாரணமாகத் தாமதித்தவன் என்றால், டிவியை நிறுத்தி நீங்கள் வீட்டில் பேசப் பேச அவனே பேசிவிடுவான். பெயர் சென்டருக்கு, பணமும் சென்டருக்கு. உண்மையிலேயே ஆட்டிசம் என்றால் ஆறு மாதத்தில் 'சரி'யாகாது, 'இன்னொரு பேக்கேஜ் எடுங்க' என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் அவர்களுக்கு நஷ்டம் இல்லை. 'குணமாக்கித் தருகிறோம்' என்று தேதி போட்டு உறுதி தருகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தெரபி அறைக்குள் தாயை விடாத இடத்திலிருந்தும். சிறு குழந்தைக்குத் தெரபி என்பதில் பாதி, அம்மாவுக்கும் பாட்டிக்கும் சொல்லிக்கொடுப்பதுதான். கதவை மூடிக்கொண்டு முக்கால் மணி நேரம் உள்ளே என்ன நடக்கிறது? உங்களை அங்கே அனுப்பியது ப்ளே ஸ்கூலா, தெரிந்தவரா என்பதையும் யோசியுங்கள். அனுப்புகிறவருக்குப் பங்கு போவது இந்தத் தொழிலில் புதிதல்ல.

பேச்சுப் பயிற்சியாளர் என்றால் அதற்கென்று நாலு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். 'உங்கள் ஆர்.சி.ஐ. நம்பர் என்ன?' என்று கேளுங்கள். கோபப்பட்டால் பதில் கிடைத்துவிட்டது. ஆன்லைனில் வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், போய்ப் பார்த்துக் கேட்க வேண்டியவர்கள் கேட்பதில்லை. இன்னும் கொஞ்ச நாளில் கைரேகை வைத்து மூளையைச் சொல்லும் டெஸ்ட் என்று ஒருவர் வருவார், அது ஜோசியம். ஸ்டெம் செல் ஊசி என்று இன்னொருவர் லட்சங்களில் பேசுவார். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது, அப்படிச் செய்வது மருத்துவ ஒழுங்கு மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அதன் பிறகும் விளம்பரம் வருகிறது.

ஆனால் சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டு மூன்று வயது வரை காத்திருப்பதும் தப்பு. உங்கள் பையன் தன் தேவைக்கு ஒரு சொல்கூடச் சொல்வதில்லை, பெயருக்குச் சில நேரம்தான் திரும்புகிறான். இந்த இரண்டும் இருந்தால் பரிசோதித்துத்தான் ஆக வேண்டும். முதலில் காது. 'விளம்பரப் பாட்டு கேட்டால் ஓடி வர்றானே' என்பீர்கள். சில ஒலிகள் கேட்டு, சில ஒலிகள் கேட்காமல் போகும் குறையும் உண்டு. அதனால் வீட்டில் கைதட்டிப் பார்ப்பது போதாது. காதில் கொடுக்கும் ஒலி மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று அளக்கும் பெரா என்ற பரிசோதனை செய்ய வேண்டும். அடுத்தது, ஆட்டிசத்துக்கான அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் எம்-சாட் என்கிற 20 கேள்விகள். 16 முதல் 30 மாதம் வரையான குழந்தைகளுக்கு உரியது, பெற்றோர் பதில் சொன்னால் போதும். அதில் சந்தேகம் வந்தாலும் ஆட்டிசம் என்று முடிவாகிவிடாது, விரிவாகப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

இவற்றுக்கு லட்சம் தேவையில்லை. 2013-ல் தொடங்கிய தேசியத் திட்டம் ஒன்றின் கீழ், குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைப் பார்க்க மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் இலவச மையங்கள் இருக்கின்றன. அந்த மையத்தின் சுருக்கப் பெயர் டி.இ.ஐ.சி.; 'டி.இ.ஐ.சி. எங்கே?' என்று கேளுங்கள். உங்களுக்குத் தஞ்சாவூர்தான் வசதி. சீட்டு எழுதும் இடத்தில் 'அப்படி எதுவும் இல்லை' என்றால் நம்பாதீர்கள், குழந்தைகள் பிரிவில் கேளுங்கள். நல்ல திட்டத்தைப் போட்டுவிட்டு அது இருக்கிற இடத்தை ரகசியமாக வைத்துக்கொள்வதில் நம் அரசு இயந்திரத்தை மிஞ்ச ஆள் கிடையாது. உங்களிடம் உள்ள தாய் சேய் அட்டையை எடுத்துப் பாருங்கள். எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்ய வேண்டும் என்று படத்தோடு அச்சடித்திருக்கும். ஊசிக் கட்டத்தில் தேதி எழுதுகிறவர் அந்தப் பக்கத்தைப் புரட்டி, 'எத்தனை வார்த்தை பேசுறான்?' என்று கேட்டிருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

டிவியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டாம், ஒரேயடியாக நிறுத்துங்கள். நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள். முதல் சில நாள் அழுவான், சாப்பாடும் குறையும். தட்டை வைத்துக்கொண்டு பின்னால் ஓட வேண்டாம், நீங்கள் எல்லோரும் சாப்பிடும்போது அவனையும் கீழே உட்கார வைத்துச் சோற்றைக் கையால் அளையவிடுங்கள். பசி வந்தால் இறங்கும். பகலில் அத்தைக்கு உட்கார்ந்த இடத்திலேயே செய்யக்கூடிய வேலை போதும்: ஒரு வாளித் தண்ணீர், இரண்டு டம்ளர், பழைய பாத்திரங்கள். 'ஊத்து', 'போதும்', 'இன்னும்' என்று சின்னச் சின்னச் சொல்லாகச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும்.

தஞ்சாவூருக்குப் போகும்போது தாய் சேய் அட்டையையும், அந்த பிஸ்கட் வீடியோவையும் கொண்டு போங்கள். பெரா எடுக்கக் குழந்தை தூங்க வேண்டும் என்பதால் தேதி கொடுத்து வரச் சொல்வார்கள். அன்று அவனை விடியற்காலையிலேயே எழுப்பிவிடுங்கள், பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள். விழித்திருக்கட்டும் என்று கையில் போனையும் கொடுத்துவிடாதீர்கள்.