ஸ்லோ குக்கரில் ஒரு கிழமைக்குச் சேர்த்துச் சமைத்து வைத்தால் கொழும்பில் செலவு குறையுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் நான்கு பேர் சேர்ந்து இருக்கிறோம், எல்லாருக்கும் வேலை. மத்தியானச் சோற்றுப் பார்சலுக்கே சம்பளத்தில் ஒரு பங்கு போகிறது. பக்கத்து வீட்டு ஸ்லோ குக்கரை (குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சட்டி) இரவல் வாங்கி ஒரு ஞாயிறு கொண்டைக்கடலைக் கறி வைத்தோம். தண்ணியாக வந்தது, பால் திரிந்தது, செவ்வாய்க்கிழமை புளித்துவிட்டது. இப்போது கனடாவிலிருந்து வரும் மாமி ஒருவர் புதிதாக ஒன்று கொண்டுவருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? எப்படிச் சமைப்பது?

பதில்:

மாமியிடம் வேறு ஏதாவது கேளுங்கள். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. சூடேறும் கம்பிக்கு இரண்டு மடங்கு வோல்ட் கொடுத்தால் சூடு இரண்டு மடங்காகாது, ஏறக்குறைய நாலு மடங்காகும். 250 வாட்ஸ் குக்கர் 900 வாட்ஸ் இழுக்கப் பார்க்கும், சில நிமிடத்தில் கம்பி எரியும். ட்ரான்ஸ்போமர் வைத்து ஓட்டலாம்தான். ஆனால் அதன் விலையையும் குசினியில் அது பிடிக்கும் இடத்தையும் பார்த்தால் கட்டாது. லண்டனிலிருந்து யாராவது வந்தால் சரி, அதே 230 வோல்ட், அதே 13 அம்பியர் பிளக். இல்லாவிட்டால் இங்கேயே வாங்குங்கள். பொத்தான் தட்டும் டிஜிட்டல் வகையைவிடத் திருகும் வகை நல்லது. கரண்ட் போய் வந்தால் திருகும் வகை தானாகத் தொடரும், டிஜிட்டலில் பல அப்படியே அணைந்து கிடக்கும். திருகும் வகையிலும் ஒரு வில்லங்கம் உண்டு: நீங்கள் வெளியில் இருந்த நேரம் கரண்ட் போய் வந்தது தெரியாது. வீட்டில் மைக்ரோவேவ் இருந்தால் அதன் மணிக்கூடு சிமிட்டுகிறதா என்று பாருங்கள். எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாவிட்டால், அதுவும் இறைச்சியாக இருந்தால், கொட்டிவிடுங்கள்.

செலவுக் கணக்கு: ஆறு லீற்றர் குக்கர் ஹையில் (கூடிய சூட்டில்) 250 முதல் 300 வாட்ஸ். ஐந்து மணித்தியாலம் ஓடினால் சுமார் ஒன்றரை யூனிட். கிழமைக்கு ஒருமுறை என்றால் மாதத்துக்கு ஆறேழு யூனிட். உங்கள் பில் 60, 90, 120 யூனிட் என்ற கட்டணப் படிகளில் எதன் விளிம்பில் நிற்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த ஆறேழு யூனிட்டே அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம். ஒளிக்காமல் சொன்னால், காஸ் அடுப்பும் பிரஷர் குக்கரும் எரிபொருள் செலவில் இதற்குத் தோற்காது. ஸ்லோ குக்கரின் லாபம் வேறு இடத்தில்: பக்கத்தில் நிற்கத் தேவையில்லை, ஒரே ஈட்டில் நாலு லீற்றர் வேகும். அப்படி வெந்து பெட்டியில் இருந்தால் பார்சல் வாங்கப் போகமாட்டீர்கள். மிச்சம் அங்கேதான்.

உங்களுக்கு நடந்த மூன்று பிழையில் முதலில் பால் திரிந்தது. கறியை முழுதாக முடித்துச் சட்டியிலேயே விட்டீர்கள். ஸ்லோ குக்கரில் முக்கால்வாசிதான் சமைக்கவேண்டும். தேங்காய்ப்பால், புளி, தாளிதம் மூன்றும் சாப்பிடும் அன்றைக்கு. பால் மணிக்கணக்காகச் சூட்டில் நின்றால் திரியும், உறையவைத்து எடுத்தாலும் பிரியும், நம் வெக்கையில் முதலில் கெடுவதும் பால்கறிதான். புளியும் தக்காளியும் முதலே போனால் கடலையின் தோல் இறுகி, எட்டு மணித்தியாலம் போனாலும் நடுவில் கல்லாக நிற்கும். உப்பு அப்படிச் செய்யாது, ஊறவைக்கும்போதே போடலாம்.

ஒரு கிலோ கடலைக்கு அளவு சொல்கிறேன். சனி இரவு ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்ட தண்ணீரில் ஊறவையுங்கள், பத்து மணித்தியாலம் போதும். அதற்கு மேல் மேசையில் வைத்தால் நுரை கட்டிப் புளிவாடை வரும், ஆகவே பிந்தி எழும்புகிறவர்கள் பிரிஜ்ஜில் வைத்து ஊறவிடுங்கள். பழைய கடலை என்று சந்தேகம் இருந்தால் கால் தேக்கரண்டி அப்பச்சோடா. கூட்டினால் சவர்க்கார ருசி வரும். பருப்பு வகைகளைப் புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெருவில் மொத்தமாக எடுத்தால் விலை குறையும். ஆனால் கையில் அள்ளிப் பாருங்கள். சுருங்கி, நிறம் மங்கி, தூள் ஒட்டியது நாள்பட்டது. அது வேக மறுக்கும்.

காலையில் 600 கிராம் பெரிய வெங்காயம், இரண்டு முழு உள்ளி, 50 கிராம் இஞ்சி எல்லாவற்றையும் 120 மில்லி எண்ணெயில் அடுப்பில் வதக்குங்கள். வெங்காய ஓரம் பொன்னிறமாக வேண்டும், கால் மணித்தியாலம் எடுக்கும். இதைத் தவிர்த்துப் பச்சையாகச் சட்டியில் போடுகிறவர்கள்தான் ‘ஸ்லோ குக்கர் கறி அவித்த மணம்’ என்று குறை சொல்வது. மூடிய சட்டிக்குள் ஒன்றும் சிவக்காது, பச்சைமணம் வெளியே போகவும் வழியில்லை. அடுப்பைக் குறைத்து நாலு மேசைக்கரண்டி யாழ்ப்பாணத்துக் கறித்தூள் போட்டு ஒரு நிமிடம் கிளறி, அரை கோப்பைத் தண்ணீர் விட்டு வழித்தெடுங்கள். கறுவா ஒரு விரல்நீளம், கராம்பு மூன்று, ஏலக்காய் நாலு. வழக்கமான அளவில் பாதிதான், ஏனென்றால் ஐந்து மணித்தியாலம் மூடிக் கிடந்தால் கராம்பு மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கடலையையும் வதக்கியதையும் சட்டியில் போட்டு, கேத்தலில் கொதித்த தண்ணீர் ஒன்றேமுக்கால் லீற்றர் விடுங்கள். கடலைக்கு மேல் ஒரு விரல் கனத்துக்கு நின்றால் சரி. குளிர்ந்த தண்ணீர் விட்டால் சூடேறவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும். பிரிஜ்ஜிலிருந்து எடுத்த சட்டியில் மட்டும் கொதிதண்ணீர் விடவேண்டாம், வெடிக்கும். ஹையில் நாலரை முதல் ஐந்து மணித்தியாலம், லோவில் எட்டு. மூடியை ஆசைக்குத் திறக்காதீர்கள், ஒவ்வொரு தடவைக்கும் இருபது நிமிடம் பின்னுக்குப் போகும். பதம் பார்க்க மேல்தட்டுக் கடலை ஒன்றை எடுங்கள், அதுதான் கடைசியில் வேகும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நசித்தால் தோல் வழுக்கி, உள்ளே மணலில்லாமல் மசியவேண்டும்.

தண்ணியாக வந்தது ஏனென்றால் அடுப்புக் கணக்கில் தண்ணீர் விட்டிருப்பீர்கள். இதில் ஆவி மூடியில் பட்டு அப்படியே திரும்ப விழுகிறது, வற்றல் கிடையாது. வந்துவிட்டால் இரண்டு அகப்பைக் கடலையை மசித்துக் கலக்கி, மூடியில்லாமல் ஹையில் முக்கால் மணித்தியாலம் விடுங்கள். மா கரைத்து விடுவது கெட்ட வழி, ஆறும்போது பசையாகிவிடும்.

இனி ஆறவைப்பது. கொழும்பில் முக்கியமான பகுதி இதுதான், புளித்ததற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். அணைத்துவிட்டு இரவு முழுக்க மேசையில் வைத்திருப்பீர்கள். கொதியிலும் சாகாத வித்துகள் சில கிருமிகளுக்கு உண்டு. சட்டி 60 பாகைக்குக் கீழே வந்ததும் அவை முளைக்கத் தொடங்கும். தடித்த மண்சட்டி, நாலு லீற்றர் கறி, வெளியே 30 பாகை என்றால் அது விடியும்வரை அந்த இளஞ்சூட்டிலேயே நிற்கும். சட்டியோடு பிரிஜ்ஜில் தள்ளுவதும் உதவாது, நடுவில் சூடு அப்படியே இருக்கும், பக்கத்தில் உள்ள பாலும் கெடும். அகலமான எவர்சில்வர் தட்டங்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றி, சிங்கில் தண்ணீர் நிரப்பி அதில் வையுங்கள். நம் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பு, ஆகவே ஒருமுறை மாற்றியபின் ஐஸ் வேண்டும். முதல்நாள் ஐஸ்கிரீம் டப்பா இரண்டில் தண்ணீர் உறையவைத்தால் போதும். கிண்டிக்கொண்டே இருந்தால் அரை மணித்தியாலத்தில் ஆறும். அணைத்ததிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிஜ்ஜுக்குள் இருக்கவேண்டும்.

ஒரு கிலோவுக்கு 400 மில்லி டப்பா பத்து வரை வரும். ஒரு டப்பா இரண்டு பேருக்கு ஒரு நேரம், ஆக நாலு பேருக்கு ஐந்து நேரச் சாப்பாடு. மூன்று நாளுக்கானது பிரிஜ்ஜில், மிச்சம் ஐஸ்பெட்டியில். ஒற்றைக்கதவு பிரிஜ் என்றால் அதன் ஐஸ்பெட்டி போதிய குளிர் பிடிக்காது, இரண்டு கிழமைக்கு மேல் வைக்கவேண்டாம்.

முடிப்பதற்குப் பத்து நிமிடம். செத்தல் மிளகாய், கடுகு, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை இலை தாளித்து, டப்பாவைக் கொட்டிக் கொதிக்கவிட்டு, அரை கோப்பை முதற்பால் விட்டு ஒரு கொதியில் இறக்கினால் இடியப்பத்துக்கான பால்கறி. பாலுக்குப் பதில் பழப்புளியும் பொரித்த கத்தரிக்காயும் போட்டால் சோற்றுக்குக் குழம்பு. தண்ணீரை வடித்துத் தேங்காய்ப்பூவோடு பிரட்டினால் பாணுக்கு. ஒரே சட்டிதான், ஆனால் மூன்றாம் நாளும் சலிக்காது. உருளைக்கிழங்கையும் அன்றன்றைக்கே சேருங்கள், உறைந்த கிழங்கு கடற்பஞ்சு மாதிரியாகும்.

கௌபிக்கும் (தட்டைப்பயறு) இதே முறை, நேரம் ஒரு மணித்தியாலம் குறைவு. மைசூர்ப் பருப்புக்கு இந்தக் குக்கர் வீண், அடுப்பில் இருபது நிமிடத்தில் முடியும். மாட்டிறைச்சி சாப்பிடுகிறீர்கள் என்றால் விலை குறைந்த, சவ்வும் நரம்பும் உள்ள கால்தசையைக் கேளுங்கள். லோவில் எட்டு மணித்தியாலத்தில் அந்தச் சவ்வு கரைந்து குழம்பைத் தடிப்பாக்கும், நல்ல துண்டு என்று வாங்கியது நாராகும். இரண்டு கிலோவுக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் தாராளம். உறைந்த இறைச்சியை நேரே போடக்கூடாது, சூடேறும் முன்னே மணிக்கணக்காக இளஞ்சூட்டில் கிடக்கும். புறொய்லர்க் கோழி மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எலும்பை விட்டு உதிரும், அதை அடுப்பிலேயே வையுங்கள்.

கிட்னி பீன்ஸ் என்று விற்கும் சிவப்பு விதையை மட்டும் ஊறவைத்து நேரே ஸ்லோ குக்கரில் போடவே கூடாது. அதில் உள்ள நஞ்சு நல்ல கொதியில்தான் அழியும், 80 பாகைச் சூட்டில் வெந்தது பச்சையைவிட மோசமாக வாந்தியெடுக்க வைக்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அடுப்பில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டியபின் குக்கருக்கு மாற்றுங்கள்.

அடுத்த நாளுக்கான டப்பாவை இரவே ஐஸ்பெட்டியிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கிவையுங்கள். மறந்தால் டப்பாவின் வெளிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டிக் கட்டியைக் கழற்றி, கால் கோப்பைத் தண்ணீரோடு சிறுதீயில் மூடிவையுங்கள். ஸ்லோ குக்கரில் சூடாக்க நினைக்காதீர்கள், மத்தியானமாகிவிடும்.