பெர்ல் ஸ்கிரிப்டில் டேட்டாபேஸ் வேலை செய்யவில்லை; எங்கே தொடங்கிப் பார்ப்பது?

கேள்வி சுருக்கமாக: பெர்ல் பழக ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. மைஎஸ்கியூஎல்லில் இருக்கும் பெயர்ப் பட்டியலை எடுக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஓட்டினால் "கான்ட் கால் மெத்தட் பிரிப்பேர் ஆன் ஆன் அன்டிஃபைன்ட் வேல்யூ" என்று சொல்லி நின்றுவிடுகிறது. பிரிப்பேர் வரியை எத்தனை விதமாக மாற்றினாலும் அதே எரர். டேட்டாபேஸ் நன்றாக ஓடுகிறது. எங்கே தப்பு?

பதில்:

பிரிப்பேர் வரியில் தப்பே இல்லை. அதை இனித் தொடாதீர்கள். அதற்கு மேலே இருக்கும் கனெக்ட் வரிதான் தோற்றிருக்கிறது. கனெக்ட் ஜெயித்தால் ஒரு ஹேண்டில் (டேட்டாபேஸோடு பேச உதவும் பிடி) கிடைக்கும். தோற்றால் வெறும் அன்டெஃப், அதாவது மதிப்பே இல்லாத ஒன்று, கிடைக்கும். அந்த அன்டெஃபை வைத்துக்கொண்டு அடுத்த வரியில் பிரிப்பேரைக் கூப்பிடுகிறீர்கள். பெர்ல் அங்கே போய்த்தான் விழுகிறது. விழுந்த இடத்தின் வரி எண் உங்களுக்குத் தெரிகிறது, தடுக்கிய இடம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான் திருநெல்வேலியில் ஒரு சிறு மாத இதழின் சந்தா வேலைகளுக்கான பெர்ல் ஸ்கிரிப்ட்களைப் பார்த்துக்கொள்கிறேன். சந்தாதாரர் பட்டியலை எடுத்து, பின்கோடு வாரியாக அடுக்கி, முகவரி லேபிள் அடிப்பதுதான் அவற்றின் முக்கிய வேலை. புதிதாக வந்து சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது எஸ்கியூஎல் இல்லை. ஸ்கிரிப்டை வாய் திறந்து பேச வைப்பதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். தொடக்கத்தில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, ஸ்கிரிப்ட் காரணத்தைச் சொல்லாமல் விழுங்கிவிடுவதால்தான் பெரிதாகின்றன.

அதனால் முதல் காரியமாக, ஃபைலின் தலையில் யூஸ் ஸ்ட்ரிக்ட், யூஸ் வார்னிங்ஸ் இரண்டும் இருக்கட்டும். அடுத்தது, கனெக்டின் நான்காவது ஆர்க்யுமென்ட்டாக ஒரு ஹாஷ் கொடுக்கலாம். அதில் ரெய்ஸ்எரர் 1, பிரின்ட்எரர் 0, ஆட்டோகமிட் 1 என்று எழுதுங்கள். ஒன்றும் எழுதாமல் விட்டால் ரெய்ஸ்எரர் அணைந்தும் பிரின்ட்எரர் எரிந்தும் இருக்கும். அதாவது டிபிஐ (பெர்ல் டேட்டாபேஸோடு பேசப் பயன்படுத்தும் மாட்யூல்) காரணத்தை ஒரு வார்னிங்காக அச்சடித்துவிட்டு, ஸ்கிரிப்டை மேலே போக விடும். உங்கள் திரையிலும் அந்த அன்டிஃபைன்ட் வரிக்கு மேலே இன்னொரு வரி கட்டாயம் வந்திருக்கும். வெப் சர்வர் வழியாக ஓட்டினால் அது எரர் லாகில் போய் உட்கார்ந்திருக்கும். ரெய்ஸ்எரர் போட்டால் தோற்ற வரியிலேயே ஸ்கிரிப்ட் நிற்கும், காரணமும் கூடவே வரும்.

உங்கள் விஷயத்தில் ஒன்றை இப்போதே சொல்லிவிடலாம். டிரைவர் இருக்கிறது. டிபிஐ என்பது பொதுவான முகப்பு மட்டும். டிம் பன்ஸ் 1990-களில் இதைத் தொடங்கியதிலிருந்தே ஏற்பாடு இதுதான்: முகப்பு ஒன்று, ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனியாக ஒரு டிபிடி டிரைவர். டிரைவர் இல்லாவிட்டால் கனெக்ட் அன்டெஃப் தராது; அந்த இடத்திலேயே "இன்ஸ்டால் டிரைவர் ஃபெய்ல்ட்" என்று சொல்லிச் செத்துவிடும். நீங்கள் அதைத் தாண்டி வந்துவிட்டீர்கள். (மற்றவர்களுக்காக: அந்த எரர் வந்தால் அதன் கடைசியில், உங்கள் கணினியில் இருக்கும் டிரைவர்களின் பட்டியலே வரும். பெரிய எழுத்து, சிறிய எழுத்தையும் பாருங்கள். மைஎஸ்கியூஎல் டிரைவரின் பெயர் முழுக்கச் சிறிய எழுத்து. போஸ்ட்கிரஸ் டிரைவரில் 'பி' பெரிது, 'ஜி' சிறிது. உபுண்டு, டெபியனில் சிபான் என்ற பெர்ல் மாட்யூல் களஞ்சியம் வழியாகப் போராடுவதைவிட, சிஸ்டத்தின் சொந்த நிறுவியான ஆப்ட்டில் இருக்கும் ரெடிமேட் பேக்கேஜைப் போட்டுக்கொள்வது நிம்மதி.)

ஆக, மிஞ்சுவது பாஸ்வேர்ட், ஹோஸ்ட், டேட்டாபேஸ் பெயர். இதில் பாஸ்வேர்டில்தான் பெர்லுக்கே உரிய ஒரு குழி இருக்கிறது. பாஸ்வேர்டை இரட்டை மேற்கோளுக்குள் எழுதியிருக்கிறீர்களா? அதில் @ அல்லது $ இருக்கிறதா? இரட்டை மேற்கோளுக்குள் பெர்ல் இவற்றை அரே என்றும் வேரியபிள் என்றும் எடுத்துக்கொள்ளும். ஸ்ட்ரிக்ட் இல்லாத ஸ்கிரிப்டில் அந்தத் துண்டு காணாமல் போய், அரைப் பாஸ்வேர்ட்தான் சர்வருக்குப் போகும். $ குறிக்குப் பின்னால் எண் வந்தால் ஸ்ட்ரிக்ட் போட்டிருந்தாலும் தடுக்காது, ஏனென்றால் $1, $2 எல்லாம் பெர்லின் சொந்த வேரியபிள்கள். ஒற்றை மேற்கோள் போடுங்கள், தீர்ந்தது. 'ஆக்சஸ் டினைட்' என்று வந்தால் அந்த வரியின் கடைசியையும் படியுங்கள். "யூஸிங் பாஸ்வேர்ட்: நோ" என்று இருந்தால் பாஸ்வேர்ட் போகவே இல்லை என்று அர்த்தம், "யெஸ்" என்றால் ஏதோ போயிருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை.

ஹோஸ்டில், லோக்கல்ஹோஸ்ட் என்பதும் 127.0.0.1 என்பதும் மைஎஸ்கியூஎல்லுக்கு ஒன்றல்ல. லோக்கல்ஹோஸ்ட் என்றால் யுனிக்ஸ் சாக்கெட் ஃபைல் வழியாகப் போகும், 127.0.0.1 என்றால் நெட்வொர்க் வழியாக, 3306 போர்ட்டுக்குப் போகும். "சாக்கெட் வழியாக இணைய முடியவில்லை" என்று வந்தால் 127.0.0.1 போட்டுப் பாருங்கள். அது வேலை செய்தால் சர்வர் நன்றாகவே இருக்கிறது, சாக்கெட் ஃபைலின் பாதைதான் மாறியிருக்கிறது.

இத்தனையும் பார்த்தால் உங்கள் ஸ்கிரிப்ட் இணைந்துவிடும். பெயர்ப் பட்டியல் என்கிறீர்கள், அதனால் அடுத்து எங்கெங்கே மாட்டுவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடிப் பக்கத்துச் சந்தாதாரர்களில் டி'குரூஸ், டி'சில்வா என்று பெயருள்ளவர்கள் உண்டு. பெயரை அப்படியே எஸ்கியூஎல் வாக்கியத்துக்குள் ஒட்டவைத்தால், நடுவில் இருக்கும் அந்த ஒற்றை மேற்கோளில் ஸ்ட்ரிங் முடிந்துபோகும், மீதிப் பெயர் சின்டாக்ஸ் எரராக வந்து நிற்கும். மேற்கோளைத் தேடி மாற்றும் கோட் எழுத வேண்டாம். மதிப்பு வரும் இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு, மதிப்பை எக்ஸிக்யூட்டில் கொடுங்கள். யாராவது பெயர்ப் பெட்டியில் வேண்டுமென்றே எஸ்கியூஎல் எழுதி அனுப்பினாலும் அது வெறும் பெயராகத்தான் போய்ச் சேரும். கேள்விக்குறியைச் சுற்றி மேற்கோள் போட்டுவிடாதீர்கள். போட்டால் அது வெறும் கேள்விக்குறி எழுத்தாகிவிடும், டிபிஐயும் "1 மதிப்பு கொடுத்தீர்கள், 0 தான் வேண்டும்" என்று புகார் சொல்லும். டேபிள் பெயருக்கும் ஃபீல்ட் பெயருக்கும் இந்தக் கேள்விக்குறி செல்லாது.

இப்போது, நான் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து தேடிய ஒன்று. லேபிள் தாள் பிரின்டரிலிருந்து வந்தது. தாளுக்கு 24 லேபிள். முதல் லேபிளில் ஒரு பெயர், இரண்டாவதில் அதே பெயர், மூன்றாவதிலும் அதே. எல்லாத் தாளிலும் ஒரே ஆளின் பெயர், ஒரே முகவரி, அதுவும் பட்டியலின் கடைசி ஆள். எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தது. எஸ்கியூஎல்லைக் கையால் ஓட்டினால் எல்லாப் பெயரும் ஒழுங்காக வருகிறது. அதனால் சந்தேகம் முழுக்க லேபிள் அடிக்கும் கோட் மீதே போனது.

தப்பு இருந்தது ஃபெட்ச் லூப்பில். ஃபெட்ச்ரோ அரேரெஃப் ஒவ்வொரு முறையும் புது அரே தருவதில்லை. வேகத்துக்காக ஒரே அரேயை வைத்துக்கொண்டு, அதன் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றி மாற்றித் தருகிறது. நாம் அந்த ரெஃபரன்ஸை ஒரு பட்டியலில் புஷ் செய்துகொண்டே போனால், பட்டியலில் இருக்கும் அத்தனையும் ஒரே பெட்டியைத்தான் காட்டும். லூப் முடியும்போது அந்தப் பெட்டியில் இருப்பது கடைசி ஆள். டிபிஐயின் ஆவணத்திலேயே இது எழுதியிருக்கிறது, ஆனால் மாட்டிய பிறகுதான் அந்தப் பத்தி கண்ணில் படும். வேரியபிளுக்கு $வரி என்று பெயர் வைத்திருந்தால் (யூஸ் யுடிஎஃப்8 போட்ட ஸ்கிரிப்டில் பெர்ல் தமிழ்ப் பெயரை ஏற்றுக்கொள்ளும்), அதை அப்படியே புஷ் செய்யாமல் [ @$வரி ] என்று நகலெடுத்துப் புஷ் செய்யுங்கள். லூப்புக்குள்ளேயே அச்சடித்து முடித்துவிடுவதாக இருந்தால் நகல் தேவையில்லை.

தமிழ்ப் பெயர்களைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். திரையில் தமிழுக்குப் பதிலாக ® என்ற வட்டக்குறியும் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்தும் மாறி மாறி வந்தால் பதறாதீர்கள். தகவல் அழியவில்லை. யுடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், இரண்டாவதும் இரண்டில் ஒன்று. யாரோ அவற்றைத் தனித்தனி எழுத்தாக எடுத்துக்கொண்டதால்தான் அந்த இரண்டு குறிகளே திரும்பத் திரும்ப வருகின்றன.

எந்த இடத்தில் குழம்பியது என்று பார்க்க எளிய வழி உண்டு. டேட்டாபேஸில் 'தமிழ்' என்ற சொல்லை வைத்து, எடுத்து, லெங்த் போட்டுப் பாருங்கள். 5 வந்தால் பெர்ல் அதை எழுத்துகளாகப் புரிந்துகொண்டிருக்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. 15 வந்தால் பைட்களாகவே வந்திருக்கிறது. கனெக்டில் மைஎஸ்கியூஎல் எனேபிள் யுடிஎஃப்8எம்பி4 என்ற அமைப்பை 1 ஆக்க வேண்டும். 5 வந்த பிறகும் அச்சடிக்கும்போது "வைட் கேரக்டர்" என்று வார்னிங் வந்தால், வெளியே போகும் வழிக்கு யுடிஎஃப்-8 என்று பின்மோட் (எந்தக் குறியாக்கத்தில் எழுத வேண்டும் என்று சொல்லும் ஃபங்ஷன்) போடவில்லை என்று அர்த்தம். ஸ்கிரிப்ட் ஃபைலுக்குள்ளேயே தமிழ் எழுதியிருந்தால் யூஸ் யுடிஎஃப்8 வேண்டும். உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி, ஸ்கிரிப்ட் ஃபைல் என்று மூன்று இடம். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு "இன்னும் சரியாகவில்லையே" என்று அதையும் பழையபடி ஆக்கிவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 'தமிழ்' என்பதில் 3 எழுத்துதானே என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. நாம் எண்ணுகிற மாதிரி எண்ண, ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பின்சாய்வுக்கோடும் பெரிய 'எக்ஸ்' எழுத்தும் சேர்ந்த குறியைப் பயன்படுத்தலாம். அது 3 என்றே சொல்லும்.

டேட்டாபேஸிலேயே கெட்டுப்போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், மைஎஸ்கியூஎல்லில் ஹெக்ஸ் ஃபங்ஷன் போட்டு 'த' என்ற ஓர் எழுத்தைப் பாருங்கள். 6 இலக்கம் வந்தால் சரியாக இருக்கிறது. 12 வந்தால் இரண்டு முறை குறியாக்கம் ஆகியிருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பழைய தகவலைத் திருத்தப் போகாதீர்கள், நல்ல பெயர்களும் சேர்ந்து கெடும்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. ஊர்ப் பெயரை இரண்டு சமக்குறி போட்டு ஒப்பிட்டால், பெர்ல் இரண்டு பக்கத்தையும் எண்ணாக்கி 0 என்று வைத்துக்கொள்ளும். எல்லோரும் மதுரைக்காரர் ஆகிவிடுவார்கள். ஸ்ட்ரிங்குக்கு 'ஈக்யூ' தான். டேட்டாபேஸில் ஒன்றும் நிரப்பாத இடத்தைக் குறிக்கும் நல் மதிப்பு பெர்லுக்குள் அன்டெஃபாக வரும், அச்சடிக்கும்போது "அன்இனிஷியலைஸ்ட்" வார்னிங் வந்தால் அதுதான் காரணம். நல்லைத் தேட சமக்குறி உதவாது, 'இஸ் நல்' என்றே எழுத வேண்டும். ஆட்டோகமிட்டை (ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே நிலையாகச் சேமிக்கும் அமைப்பு) அணைத்திருந்தால் கடைசியில் கமிட் கட்டாயம். இல்லாவிட்டால் எரரே இல்லாமல் ஓடி முடியும், டேபிளில் மட்டும் ஒன்றும் இருக்காது.

அப்டேட்டுக்கு இன்னொன்று. ஒரு வரிசைகூடப் பொருந்தாவிட்டாலும் எக்ஸிக்யூட் பொய் என்று சொல்லாது. பூஜ்யம், ஆங்கில 'ஈ', பூஜ்யம் என்று மூன்றெழுத்து ஸ்ட்ரிங் தரும். எண்ணாகப் பார்த்தால் அது 0. உண்மையா பொய்யா என்று பார்த்தால் உண்மை. "எரர் இல்லை, ஆனால் எதுவும் மாறவில்லை" என்பதற்கும் நிஜமான தோல்விக்கும் வித்தியாசம் தெரியத்தான் அப்படி. ஆகவே முகவரி மாற்றிய பிறகு, திரும்பி வந்த எண் 1 தானா என்று பாருங்கள். சந்தா எண்ணைத் தப்பாக அடித்து, "மாற்றியாயிற்று" என்று போனில் சொல்லிவிட்டால், இதழ் பழைய வீட்டுக்கேதான் போகும்.

வீட்டில் பழகுவதற்கு எஸ்கியூலைட் நல்லது. டிரைவருக்குள்ளேயே டேட்டாபேஸ் இருக்கிறது, தனியாக சர்வர் வேண்டாம். ஆனால் ஃபைல் பெயரைத் தப்பாகக் கொடுத்தால் அது எரர் தராது. அந்தப் பெயரில் காலியாகப் புது ஃபைல் ஒன்றை உண்டாக்கிவிட்டு, "அப்படி ஒரு டேபிளே இல்லை" என்று சொல்லும். கையால் ஓட்டினால் சரியாக ஓடும் ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டதும் இப்படிச் சொன்னால் ஹோம் டைரக்டரியில் போய்ப் பாருங்கள். உங்கள் டேட்டாபேஸின் பெயரிலேயே 0 பைட் ஃபைல் ஒன்று கிடக்கும். கிரான் அங்கிருந்துதான் ஓட்டுகிறது. முழுப் பாதையைக் கொடுங்கள்.

இவ்வளவுக்கும் பிடிபடாவிட்டால், ஸ்கிரிப்டை ஓட்டும் முன் டிபிஐ டிரேஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை 2 என்று வைத்து ஓட்டுங்கள். எந்த வாக்கியம் போனது, எந்த மதிப்பு போனது, என்ன திரும்பி வந்தது என்று வரி வரியாகக் கொட்டும். அதில் ஆட்களின் பெயர், முகவரி எல்லாம் இருக்கும். அதனால் யாருக்கும் அப்படியே அனுப்பாதீர்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

சரி, இப்போது ரெய்ஸ்எரர் போட்டு ஒரு முறை ஓட்டுங்கள். கனெக்ட் என்ன சொல்லித் தோற்கிறதோ அந்த வரியை, பாஸ்வேர்ட் ஏதாவது இருந்தால் நீக்கிவிட்டு, இங்கே கீழே போடுங்கள். அடுத்து என்ன செய்வது என்று சேர்ந்து பார்க்கலாம்.