கட்டி முடிக்காத கப்பலுக்கு எந்த வரைபடம் சரி?

கேள்வி: கப்பல் மாதிரிகள் செய்வது என் பொழுதுபோக்கு. அமெரிக்கக் கடற்படை கட்டத் திட்டமிட்டுப் பிறகு ரத்து செய்த மொன்டானா என்ற பேட்டில்ஷிப்பை (கனத்த பீரங்கியும் கவசமும் கொண்ட பெரிய போர்க்கப்பல்) 1/700 அளவில் செய்ய ஆசை. அயோவா என்ற பேட்டில்ஷிப்பின் கிட் ஒன்று கைவசம் இருக்கிறது, அதையே வெட்டி ஒட்டி மாற்றிவிடலாமா? இணையத்தில் கிடைக்கும் மொன்டானா வரைபடங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. நீளம் மாறுகிறது, சின்னப் பீரங்கிகளின் எண்ணிக்கை மாறுகிறது. எதை நம்புவது? இது வீண் தலைவலி என்றால் வேறு எந்தக் கப்பலை எடுக்கலாம்? (சேலம் வாசகர்)

பதில்: முதலில் கத்தியைக் கீழே வையுங்கள். அயோவாவின் உடலை வெட்டி நீட்டினால் மொன்டானா வராது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அந்த ஆசையில் ஒரு கிட்டைப் பாழாக்கியவன் நான்.

வரைபடச் சிக்கலுக்கு வருவோம். கடலில் ஓடிய கப்பல் என்றால் புகைப்படத்தை வைத்து வரைபடத்தைத் திருத்திவிடலாம். தாளிலேயே நின்றுபோன கப்பலுக்கு அந்த வசதி இல்லை. அதற்கு ‘சரியான வரைபடம்’ என்று ஒன்று கிடையாது, ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரைபடம் உண்டு, அவ்வளவுதான். நீங்கள் பார்த்தவற்றில் பல தப்பாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒன்று 1940ல் யோசித்ததாக இருக்கும், இன்னொன்று 1942ல் முடிவானதாக இருக்கும். மூன்றாவது, யாரோ ஒரு ரசிகர் 1945ல் இப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து வரைந்தது. மூன்றையும் கலந்து ஒரே கப்பலில் ஏற்றும்போதுதான் கோளாறு வருகிறது.

கப்பல் வடிவமைப்பு எவ்வளவு தூரம் மாறும் என்பதற்கு லெக்சிங்டன் வகுப்பைப் பாருங்கள். அது பேட்டில்குரூசர்: பேட்டில்ஷிப் அளவுக்குப் பீரங்கி, ஆனால் கவசம் மெலிசு, வேகம் அதிகம். 1916 திட்டப்படி அதற்கு ஏழு புகைபோக்கிகள். 35 நாட் (மணிக்கு 35 கடல் மைல்) வேகத்துக்கு அத்தனை கொதிகலன்கள் வேண்டியிருந்தது. உள்ளே இடம் போதாமல் பாதியைக் கவசத் தளத்துக்கு மேலேயே வைப்பதாக இருந்தார்கள். பீரங்கிகள் 14 அங்குலத்தில் பத்து. அப்புறம் அது 16 அங்குலத்தில் எட்டு ஆனது. புகைபோக்கி ஏழிலிருந்து ஐந்தாகி, கடைசியில் இரண்டில் நின்றது. பிரிட்டனின் ஹூட் கப்பலின் விவரங்களைப் பார்த்த பிறகு பக்கக் கவசம் 5 அங்குலத்திலிருந்து 7 ஆனது. கப்பலின் பெயர் மட்டும்தான் மாறவில்லை.

1922 மார்ச் 8 அன்று எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது, மாதிரி செய்கிற யாரும் பார்க்க வேண்டியது. கடற்படையின் கப்பல் கட்டுமானப் பிரிவின் தலைவர் ரியர் அட்மிரல் டேவிட் டெய்லரும், பொறியியல் பிரிவின் தலைவர் ரியர் அட்மிரல் ஜான் ராபிசனும் லெக்சிங்டனின் மாதிரியை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பேட்டில்குரூசராக முடித்திருந்தால் எப்படி, விமானந்தாங்கியாக மாற்றினால் எப்படி என்று காட்ட, படத்தில் இரண்டு மாதிரிகள். அதற்கு ஒரு மாதம் முன்னால், பிப்ரவரி 6ல்தான், பெரிய போர்க்கப்பல்களுக்கு வரம்பு வைத்த வாஷிங்டன் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. கட்டிக்கொண்டிருந்த ஆறு கப்பல்களில் லெக்சிங்டனும் சாரடோகாவும் விமானந்தாங்கிகளாகப் பிழைத்தன. மற்ற நான்கும் பழைய இரும்பாகப் போயின. லெக்சிங்டன் செய்ய நினைப்பவருக்கு என் யோசனை, இணையத்தில் அலங்காரமாகக் கிடைக்கும் எந்த வரைபடத்தையும்விட அந்தப் புகைப்படத்தை நம்பலாம் என்பதுதான். அந்தக் கப்பலை வடிவமைத்த அலுவலகத்தின் மாதிரி அது.

அமெரிக்கக் கப்பல்களுக்கு மூலத்தையே பார்க்கும் வசதி ஒன்று உண்டு. கடற்படையின் ஆரம்பகட்ட வடிவமைப்புத் தாள்களைத் தொகுத்து வைத்த ஏடுகளுக்கு ‘ஸ்பிரிங் ஸ்டைல்ஸ்’ என்று பெயர். துணிக்கடை கேட்டலாக் மாதிரி, ‘இந்த வசந்தத்தின் புதிய மாடல்கள்’ என்கிற கேலி. அமெரிக்கக் கடற்படையின் வரலாற்றுப் பிரிவு இவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. 1911 முதல் 1925 வரை ஒரு தொகுப்பு, 1939 முதல் 1944 வரை இன்னொன்று. தாளின் மூலையில் தேதியும் வடிவ எண்ணும் இருக்கும். படத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த மூலையைப் பாருங்கள்.

இனி மொன்டானா. 1940 ஜூலையில் நிறைவேறிய இரு பெருங்கடல் கடற்படைச் சட்டத்தின் கீழ் ஐந்து கப்பல்கள்: மொன்டானா, ஓஹையோ, மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், லூசியானா. ஒன்றுக்குக்கூட ஏரா (கப்பலின் அடிமுதுகெலும்பு) வைக்கவில்லை. 1942ல் நிறுத்திவைத்து, 1943 ஜூலை 21ல் ரத்து செய்தார்கள். விமானந்தாங்கிகளும் மற்றக் கப்பல்களும் அவசரமாகத் தேவைப்பட்ட நேரத்தில், அத்தனை உருக்கையும் கப்பல் கட்டும் தளங்களையும் இதற்கு ஒதுக்க அவர்களுக்கு மனமில்லை. முடிவான வடிவத்தின் எண் பிபி67-4. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிபி65 என்று தொடங்கும் தாள்கள் அதற்கு முந்தைய யோசனைகள். நீளம் மாறுவதாகச் சொன்னீர்களே, அது பெரும்பாலும் இந்தக் கலப்பால்தான்.

முடிவான அளவுகள்: நீளம் 280.8 மீட்டர், அகலம் 36.9 மீட்டர். 1/700ல் 40.1 செ.மீ., 5.3 செ.மீ. அயோவாவோ 270.4 மீட்டர், 33 மீட்டர், அதாவது 38.6 செ.மீ., 4.7 செ.மீ. நீளத்தில் ஒன்றரை செ.மீ. மட்டும்தானே என்று நானும் நடுவில் ஒரு துண்டு ஒட்டிச் சேர்த்தேன். மேலிருந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அகலத்தில் அரை செ.மீ.க்கும் மேலே குறைகிறது, அதை எங்கே ஒட்டுவது? உடலை நீளவாக்கில் பிளந்து நடுவில் பட்டை வைத்தாலும் உருவம் கைகொடுக்காது. அயோவா 33 நாட் ஓட வேண்டிய கப்பல், அதனால் அதன் அணியம் (முன்முனை) பாட்டில் கழுத்து மாதிரி நீண்டு ஒடுங்கியிருக்கும். மொன்டானாவுக்கு 28 நாட் போதும், உடம்பு தடித்தே வரலாம். நான் பிளந்து ஒட்டியது கடைசியில் இரண்டுமாக இல்லாமல், அரிவாள்மணையில் நறுக்கிய முருங்கைக்காய் மாதிரி கிடந்தது.

இந்த அகல வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பனாமா கால்வாயின் மதகுகள் 110 அடி, அதாவது 33.5 மீட்டர் அகலம். அமெரிக்க பேட்டில்ஷிப்களை அதுவரை அந்த அளவுக்குள் அடக்கியே வடிவமைத்தார்கள். அயோவா மதகில் நுழைந்தால் பக்கத்துக்கு ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் இடம் இருக்கும். மொன்டானாவில்தான் அந்தக் கட்டுப்பாட்டைத் தூக்கிப்போட்டார்கள். 140 அடி அகலத்தில் புதிய மதகுகளுக்கு 1940ல் தோண்ட ஆரம்பித்திருந்ததால் வந்த தைரியம் அது. அந்த வேலையும் 1942ல் நின்றது. கூடுதல் அகலத்தால் பக்கக் கவசத்தை வெளிப்பக்கமாகவே, 19 டிகிரி சாய்வில், 16.1 அங்குலத் தடிமனில் வைக்க முடிந்தது. அயோவாவில் கவசம் உடலுக்குள் இருக்கும், வெளியே தெரியாது.

அயோவா கிட்டைத் தூக்கி எறிய வேண்டாம். 16 அங்குலப் பீரங்கிகளுள்ள டரட்டுகளை (சுழலும் கவசக் கூடுகள்) எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கப்பல்களுக்கும் ஒரே மார்க் 7 பீரங்கி, மும்மூன்றாக. டரட்டின் கவசத் தடிமன் வேறுதான், ஆனால் இந்த அளவில் அது பிளேடு முனை வித்தியாசம். மொன்டானாவுக்கு நான்கு டரட் வேண்டும், கிட்டில் மூன்றுதான் இருக்கும், ஆக ஒன்றை 3டி பிரிண்ட் எடுக்க வேண்டிவரும். அல்லது நான்கையுமே பிரிண்ட் எடுங்கள், சாயல் ஒரே மாதிரி இருக்கும்.

5 அங்குலப் பீரங்கிகளில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். அயோவாவிலும் பத்து இரட்டைக் கூடுகள், மொன்டானாவிலும் பத்து. எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் அப்படியே ஒட்டிவிடத் தோன்றும். ஒட்டாதீர்கள். அயோவாவினுடையது 38 காலிபர், மொன்டானாவுக்குத் திட்டமிட்டது 54 காலிபர். காலிபர் என்றால் குழல் நீளம் வாய் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்ற கணக்கு. 5 அங்குலத்தை 38ஆல் பெருக்கினால் 4.8 மீட்டர், 54ஆல் பெருக்கினால் 6.9 மீட்டர். இரண்டு மீட்டர் வித்தியாசம் 1/700ல் ஏறக்குறைய 3 மி.மீ. கப்பல் மாதிரியில் 3 மி.மீ. என்பது கண்ணை உறுத்தும். இந்த 54 காலிபர் பீரங்கி தாளோடு நின்றுவிடவில்லை, மிட்வே வகை விமானந்தாங்கிகளில் ஒற்றை ஒற்றையாக ஏறியது. ஆகவே குழலுக்கு நிஜப் புகைப்படங்கள் கிடைக்கும்.

விமான எதிர்ப்புச் சிறு பீரங்கிகளைப் பொறுத்தவரை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். 1942 என்று வைத்துக்கொண்டால் பிபி67-4 வரைபடத்தில் உள்ளதோடு நிறுத்துங்கள். 1945ல் போருக்குப் போயிருந்தால் என்ற கற்பனை என்றால் அயோவா வகுப்பின் அந்த வருடப் படங்களைப் பார்த்து, இடம் கண்ட இடத்திலெல்லாம் 40 மி.மீ. கூடுகளை நிரப்புங்கள். ரேடாரும் நிறமும் அதே தேதியைத்தான் பின்தொடர வேண்டும். 1942 வரைபடத்தின் மேல் 1945 ரேடார் வைத்தால் யாரும் கைது செய்யப் போவதில்லை, ஆனால் விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் நிச்சயம் வந்து சுட்டிக்காட்டுவார்.

அடுத்த கேள்வி: வேறு கப்பல் எடுக்கலாமா? கப்பல் ரத்தானாலும் அதன் உறுப்புகளில் ஏதாவது நிஜமாகச் செய்யப்பட்டதா என்று பார்த்துத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். தாள் பொய் சொல்லலாம், இரும்பு சொல்லாது.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தது கென்டக்கி. அயோவா வகுப்பின் ஆறாவது கப்பல், முக்கால் பங்கு முடிந்த நிலையில் நின்றுபோனது. 1956 மே 6ல் அதன் சகோதரிக் கப்பல் விஸ்கான்சின், ஈட்டன் என்ற டெஸ்ட்ராயரோடு (வேகமான சிறு போர்க்கப்பல்) மோதி முன்பக்கம் நசுங்கியது. பழுதுபார்க்க என்ன செய்தார்கள் தெரியுமா? கென்டக்கியின் அணியத்தை அப்படியே அறுத்தார்கள். 68 அடி நீளம், 120 டன் எடை. பார்ஜில் ஏற்றி நார்ஃபோக் கொண்டுபோய் விஸ்கான்சினில் ஒட்டிவிட்டார்கள். 16 நாளில் வேலை முடிந்தது. விஸ்கான்சின் இன்று நார்ஃபோக்கில் அருங்காட்சியகமாக நிற்கிறது. முடியாமல் போன ஒரு பேட்டில்ஷிப்பின் மூக்கை இன்றும் போய்ப் பார்க்கலாம். கென்டக்கியின் இயந்திரங்கள் சாக்ரமென்டோ, கேம்டன் என்ற இரண்டு வழங்கல் கப்பல்களில் ஏறி 2000களின் நடுப்பகுதிவரை ஓடின. உங்கள் கிட்டை வீணாக்காமல் முடிக்கும் வழியும் இதுதான்: அயோவா உடலையே பயன்படுத்தி, கட்டும் தளத்தில் பாதியில் நிற்கும் கென்டக்கியைச் செய்யலாம். டரட்டு இருக்க வேண்டிய இடத்தில் வட்டக் குழி, மேலே கட்டடம் இல்லை. நீட்டவும் வேண்டாம், பிளக்கவும் வேண்டாம்.

ஜெர்மனியின் எச்39ஐயும் சொல்லலாம். 1939ல் ஹாம்பர்க்கில் ஏரா வைத்து, போர் தொடங்கியதும் கைவிட்ட வகை. அதற்காகச் செய்த 40.6 செ.மீ. பீரங்கிகள் கரைக்காவலுக்குப் போயின, நார்வேயின் ட்ரொன்டனஸில் இன்றும் பார்க்கலாம். ஆனால் அதே வரிசையில் எச்42, எச்44 என்று இணையத்தில் உலவும் பூதங்களை விட்டுவிடுங்கள். அவை ஆய்வுக் கணக்குகள், எந்தக் கப்பல் கட்டும் தளத்துக்கும் ஆர்டர் போகவில்லை. ஜப்பானின் 51 செ.மீ. பீரங்கித் திட்டத்துக்கு நிலைமை இன்னும் மோசம், 1945ல் பெரும்பாலான ஆவணங்களை அவர்களே எரித்துவிட்டார்கள். சோவியத் யூனியனின் சோவெட்ஸ்கி சோயுஸ் கப்பலுக்காகச் செய்த 406 மி.மீ. பீரங்கி ஒன்று, கப்பலில் ஏறாமலேயே, சோதனைத் திடலில் இருந்தபடி லெனின்கிராட் முற்றுகையில் சுட்டது.

பிரிட்டனின் ஜி3 பேட்டில்குரூசர் பார்ப்பதற்கு வினோதம். மூன்று டரட்டுகளில் இரண்டு பாலத்துக்கு (கப்பலைச் செலுத்தும் மேல்மேடை) முன்னே, மூன்றாவது பாலத்துக்கும் புகைபோக்கிகளுக்கும் நடுவே. 1921 அக்டோபரில் ஆர்டர் கொடுத்து அடுத்த மாதமே நிறுத்தினார்கள். அதைச் சுருக்கி 35,000 டன் வரம்புக்குள் கட்டியவைதான் நெல்சனும் ராட்னியும். வாஷிங்டன் ஒப்பந்தம் வெட்டியதால் ‘செர்ரி மரம்’ என்று மாலுமிகள் கேலி செய்தார்கள். சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் அப்பாவின் செர்ரி மரத்தை வெட்டிய கதைதான். ராட்னியின் டரட்டுகளைப் பார்த்தால் ஜி3க்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கடைசியாக ஜப்பானின் டோசா. 1921 டிசம்பரில் நாகசாகியில் கடலில் இறக்கிய நிஜ உடல், புகைப்படங்களும் உண்டு. பத்து 41 செ.மீ. பீரங்கிகள் ஏற வேண்டியது, ஒன்றுகூட ஏறவில்லை. 1924ல் அதைக் குறியாக வைத்துச் சுட்டுப் பார்த்தபோது, 25 மீட்டர் முன்னாலேயே விழுந்த ஒரு குண்டு தண்ணீருக்கடியில் நீந்திப்போய் உடலைத் துளைத்து 3,000 டன் நீரை உள்ளே விட்டது. ஜப்பான் தண்ணீருக்கடியில் பாயும் குண்டுகளைச் செய்ய ஆரம்பித்தது இதனால்தான். 1925 பிப்ரவரியில் டோசாவை மூழ்கடித்தார்கள். அதன் காலத்து இன்னொரு ரத்துக் கப்பல் அகாகி, விமானந்தாங்கியாகப் பிழைத்தது. 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் குண்டு வீசித் தாக்கிய கப்பற்படையின் தலைமைக் கப்பல் அதுதான்.

எதை எடுத்தாலும் பீடத்தில் பெயரோடு தேதியையும் பொறியுங்கள். ‘மொன்டானா, பிபி67-4, 1942’ என்று இருக்கட்டும். 1945 கற்பனை என்றால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். அகலத்தை மட்டும் ஒட்டுவதற்கு முன் ஒருமுறை அளந்துவிடுங்கள்: 5.3 செ.மீ.