ஆங்கில கொலோகேஷன்களை மனதில் நிற்கிற மாதிரி எப்படிப் படிப்பது?

"தமிழ் மீடியம். கிராமரும் வருகிறது, வார்த்தையும் தெரிகிறது. ஆனால் சேர்த்து எழுதினால் ஆங்கிலம் மாதிரி இல்லை என்கிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கும் இதே சங்கடம்தான். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் வழக்கமாகச் சேர்ந்து வரும் என்பதைத்தான் கொலோகேஷன் என்கிறார்கள்.

முதலில் அந்தப் பட்டியல்களை விடுங்கள். 'மேக்' எதற்கெல்லாம் வரும், 'டூ' எதற்கெல்லாம் வரும் என்று பிடிஎஃப் வைத்து உருப்போட்டால் இரண்டும் குழம்பித்தான் போகும். பெயர்ச்சொல்லில் இருந்து தொடங்குங்கள். எழுதும்போது 'டிசிஷன்' சட்டென்று வந்துவிடுகிறது, அதற்கு முன்னால் என்ன போடுவது என்பதில்தான் கை நிற்கிறது. தமிழில் பசி எடுக்கும், கோபம் வரும், சாரல் அடிக்கும் என்று நமக்கு யாரும் விதி சொல்லித் தரவில்லை. கேட்டுக் கேட்டுப் படிந்தது.

அந்தப் பழக்கம் ஆங்கிலத்தில் வர, ஏற்கெனவே விவரம் தெரிந்த செய்தியாகப் பார்த்து வாசியுங்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்ததை எங்கள் பிள்ளைகள் நேரில் பார்த்தவர்கள். அதைப் பற்றிய ஆங்கிலச் செய்திகளைக் கொடுத்து மழை, தண்ணீர், எச்சரிக்கை, சேதம் ஆகியவற்றுக்கான சொற்களை மட்டும் அடிக்கோடிடச் சொன்னேன். பிறகு பக்கத்துச் சொல்லைப் பார்த்தோம். 'ஹெவி ரெயின்', 'ரிலீஸ் வாட்டர்', 'இஷ்யூ எ வார்னிங்', 'காஸ் டேமேஜ்'. மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்' என்பதை ஒரு பெண் தானே கண்டுபிடித்துச் சொன்னாள். நான் சொல்லியிருந்தால் இவ்வளவு பதிந்திருக்காது.

சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்டு கொலோகேஷன் அகராதி (முதல் பதிப்பு 2002) இருக்கிறது. ஒரு பெயர்ச்சொல்லை எடுத்தால் அதோடு வரும் அடைமொழி, வினை, முன்னிடைச்சொல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். இணையத்தில் 'கோக்கா' (COCA) என்ற அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பும் உண்டு, 100 கோடிச் சொற்களுக்கு மேல். 'எக்ஸாம்' என்று தேடிப் பாருங்கள். நாம் பரீட்சையை 'ரைட்' பண்ணுகிறோம், அங்கே 'டேக்'தான் வழக்கம்.

நோட்டில் தனிச்சொல்லாக எழுதாதீர்கள். 'மேக் எ டிசிஷன்' என்று 'எ'யையும் சேர்த்தே எழுதி, கீழே உங்கள் வீட்டைப் பற்றியோ தெருவைப் பற்றியோ ஒரு வாக்கியம் சேருங்கள். ஒரு வாரம் கழித்து வினையைக் கையால் மறைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். தடுக்குவதை மட்டும் அடுத்த வாரத்துக்கு எடுத்துக்கொண்டால் போதும்.